‘யாருக்கும் தெரியக் கூடாது, மதிய மாத்திரையையும் விடக் கூடாது’

வாசகர் கேள்வி: என் மகளுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு படிக்கிறாள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மலத்தில் ரத்தம் போனது. கொலோனோஸ்கோப்பி (குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனை) செய்து ‘அல்சரேட்டிவ் கோலைட்டிஸ்’ (பெருங்குடல் புண் அழற்சி) என்றார்கள். தொடக்கத்தில் சில மாதம் ஸ்டீராய்டு கொடுத்ததில் முகமெல்லாம் வீங்கிவிட்டது. இப்போது மெசலமைன் (குடல் அழற்சியை அடக்கும் மாத்திரை) மூன்று வேளை, இரவில் அசதயோபிரின் (நோய் எதிர்ப்பாற்றலை மட்டுப்படுத்தும் மாத்திரை). போன வாரம் துவைப்பதற்காகப் புத்தகப் பையை எடுத்தபோது பக்கப் பையில் ஒரு பிடி மாத்திரை கிடந்தது. எல்லாம் மதிய மாத்திரை. கேட்டால் ‘மறந்துவிட்டேன்’ என்கிறாள். காலையில் எதையும் சாப்பிடாமல் ஓடுகிறாள், மாலையில் வந்து அள்ளி அள்ளிச் சாப்பிடுகிறாள். கழிப்பறைக்குள் போனால் குழாயைத் திறந்து விட்டுக்கொள்கிறாள். ரத்தம் வருகிறதா என்று கேட்டால் எப்போதும் ‘இல்லை’தான். என் தம்பி மகன் காதணி விழாவுக்குப் பழனிக்கு வர மாட்டேன் என்று சாதித்துவிட்டாள். தோழியின் பிறந்தநாளில் மட்டும் பரோட்டா சாப்பிட்டிருக்கிறாள். மாதவிடாய் சரியாக வருகிறது, ஆனால் நாப்கின் பாக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. ‘வளர்ந்துவிட்டாள், அவளே பார்த்துக்கொள்ளட்டும்’ என்கிறார் கணவர். வெளியே தெரிந்தால் நாளைக்குக் கல்யாணத்துக்குச் சிக்கல் என்கிறார் மாமியார். மாதுளை ஓட்டுக் கஷாயம் கொடுத்தால் போதும் என்றும் சொல்கிறார். நான் ஒவ்வொரு மாத்திரையையும் வாயில் போட்டுவிட்டுத்தான் நகர வேண்டுமா? பிளஸ் டூ முடித்து இவளை எப்படி வெளியூருக்கு அனுப்புவேன்?
— பெயர் வெளியிட விரும்பாத தாய், ஈரோடு மாவட்டம்

பதில்:

மாத்திரையைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறீர்கள் அம்மா. நாப்கினைப் பற்றி ஒரே வரிதான். நான் அந்த வரியிலிருந்து தொடங்குகிறேன்.

பெருங்குடல் அழற்சி உள்ள பெண் பிள்ளைகள் சிலர் மாதவிடாய் இல்லாத நாட்களிலும் நாப்கின் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போவார்கள். கழிப்பறையை எட்டுவதற்குள் உடையில் பட்டுவிடுமோ என்ற பயம் ஒரு காரணம். சளியும் ரத்தமும் உண்மையிலேயே கசிவது இன்னொரு காரணம். உங்கள் மகளும் இப்படித்தான் செய்கிறாள் என்று ஒரு கடிதத்தைப் படித்துவிட்டு நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் மதிய மாத்திரை பல நாள் உள்ளே போகவில்லை, காலை உணவும் போகவில்லை, நாப்கினும் கூடுதலாகச் செலவாகிறது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் நோய் மெல்லத் தலைதூக்குகிறதோ என்ற சந்தேகம் எனக்கு வருகிறது.

ஆகவே அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரும் வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே உங்கள் மருத்துவரிடம் தெரிவித்து ரத்த அணுக்கள், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., ரத்தப் புரதமான அல்புமின் ஆகியவற்றையும் மலத்தில் கால்புரோடெக்டின் அளவையும் பாருங்கள். கால்புரோடெக்டின் என்பது குடல் சுவரில் அழற்சி இருக்கும்போது வெள்ளையணுக்களிலிருந்து மலத்தில் கலக்கும் ஒரு புரதம். பிள்ளை ‘நன்றாக இருக்கிறேன்’ என்று சொன்னாலும் அது உள்ளதைக் காட்டிக்கொடுத்துவிடும். ரத்தம் கலந்து ஒரு நாளில் ஆறு முறைக்கு மேல் போவது, காய்ச்சல், படபடப்பு, வயிறு உப்பி வலிப்பது, தூக்கத்திலிருந்து எழுந்து ஓடுவது என்று ஏதேனும் சேர்ந்து வந்தால், பரிசோதனை முடிவுக்காகக் காத்திராமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். உங்கள் மகள் நோயைக் கவனிக்காமல் திரிகிறாள் என்பது உங்கள் வருத்தம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாள் முழுக்க அவள் அந்த நோயைத்தான் கவனித்துக்கொண்டிருக்கிறாள். அது உங்கள் கண்ணில் படாத இடத்தில் நடக்கிறது, அவ்வளவுதான்.

காலையில் இட்லியைத் தொடுவதில்லை என்கிறீர்கள். வயிற்றில் உணவு விழுந்ததும் பெருங்குடல் அசைந்து கொடுப்பது எல்லோருக்கும் உள்ள இயல்பு. காலை வேளையில் அது இன்னும் அதிகம். புண்பட்ட குடலில் அந்த அசைவு, அடக்கவே முடியாத அவசரமாக மாறும். எட்டு மணிக்குச் சாப்பிட்டால் எட்டரை மணி பஸ்ஸில், நிற்க இடமில்லாத கூட்டத்தில் என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அவள் உணவை வெறுக்கவில்லை, நேரத்தைக் கணக்குப் போட்டிருக்கிறாள். குழாயைத் திறந்துவிடுவது சத்தம் வெளியே கேட்காமல் இருக்க. பழனிக்கு வர மறுத்தது தாய்மாமன் வீட்டின் மேல் உள்ள கோபத்தால் இருக்காது. வழியில் பஸ் எங்கே நிற்கும், நிற்கிற இடத்தில் கழிப்பறை எப்படி இருக்கும் என்ற கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை. இந்தப் பிள்ளைகளிடம் தனியாகப் பேசிப் பாருங்கள். பள்ளியில் எந்தக் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் சரியாக இருக்கிறது, எதில் மதியத்துக்கு மேல் தண்ணீர் வராது, எந்த ஆசிரியர் கேள்வி கேட்காமல் வெளியே விடுவார், பிரேயரில் எந்த வரிசையில் நின்றால் நழுவ முடியும் என்று மனப்பாடமாக ஒப்பிப்பார்கள்.

நோயைப் பார்த்துக்கொள்வது என்றால் உங்களுக்கு மாத்திரை, பத்தியம், பரிசோதனை. அவளுக்கு அது, வகுப்பில் அவமானப்படாமல் மாலையில் வீடு வந்து சேர்வது. உங்கள் கணக்கில் அவள் தோற்றுக்கொண்டே இருக்கிறாள். தன் கணக்கில் தினமும் போராடி ஜெயிக்கிறாள். இரண்டு கணக்கும் மோதுகிற இடத்தில்தான் அந்த ஒரு பிடி மாத்திரை கிடந்தது.

இதற்காக அவள் செய்வதெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. காலை உணவைத் தவிர்ப்பது 15 வயதில் பெரிய இழப்பு. இந்த நோய் உள்ள பிள்ளைகளுக்கு உயரமும் எடையும் எலும்பின் வலுவும் ஏற்கெனவே கேள்விக்குறியாக இருக்கும். இரும்புச்சத்தும் வைட்டமின் டி-யும் குறைந்திருக்கலாம். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் கெடுதல். ஆனால் ‘ஏன் சாப்பிடவில்லை’ என்று கேட்பதைவிட, ‘பஸ்ஸை நினைத்துத்தான் சாப்பிடாமல் போகிறாயா’ என்று கேட்டுப் பாருங்கள். முதல் கேள்வி அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. இரண்டாவதற்கு அவள் தலையாட்டினால் அடுத்து என்ன செய்யலாம் என்று பேச வழி கிடைக்கும். அரை மணி நேரம் முன்னதாக எழுந்து சாப்பிட்டு, வீட்டிலேயே வயிற்றைக் காலி செய்துவிட்டுக் கிளம்பலாம். அது முடியாத நாட்களில் அப்பாவின் வண்டியில் போகலாம். முதல் பாடவேளை முடிந்ததும் சாப்பிட ஏதாவது கட்டிக் கொடுக்கலாம்.

மதிய மாத்திரைக்கு வருவோம். மதிய உணவு மணி அடிக்கிறது. வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு டப்பாவைத் திறக்கிறார்கள். மெசலமைன் சின்ன மாத்திரை அல்ல. பல கம்பெனி மாத்திரைகள் செங்கல் நிறத்தில், மறைத்து விழுங்க முடியாத அளவுக்குப் பெரிதாக இருக்கும். குடலுக்குள் போய்த்தான் கரைய வேண்டும் என்று மேலே பூச்சு பூசியிருப்பதால் உடைத்தோ பொடித்தோ போடவும் கூடாது. எடுத்த உடனே பக்கத்தில் இருப்பவள் ‘அது என்ன மாத்திரை?’ என்பாள். உங்கள் மகள் என்ன பதில் சொல்வாள் என்று நினைக்கிறீர்கள்? வீட்டில்தான் யாரிடமும் சொல்லக் கூடாது என்று கட்டளை இருக்கிறதே. யாருக்கும் தெரியக் கூடாது என்கிறார் பாட்டி. மதிய மாத்திரையை விடக் கூடாது என்கிறீர்கள் நீங்கள். பொதுவில் உட்கார்ந்து சாப்பிடும் ஒரு பிள்ளையால் இரண்டையும் ஒரே நேரத்தில் நிறைவேற்ற முடியாது. அவள் பாட்டிக்குக் கீழ்ப்படிந்திருக்கிறாள்.

இதற்கு வழி சுலபமானது, பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். நோய் அடங்கியிருக்கும் நிலையில் மெசலமைனை மூன்று வேளையாகப் பிரிக்காமல் மொத்த அளவையும் ஒரே வேளையில் கொடுத்தாலும் அதே பலன் கிடைக்கும் என்பது ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. ‘1-1-1’ என்று எழுதுவது எங்கள் தொழிலில் ஒரு கைப்பழக்கம். ‘காலை ஒரே வேளையாக மாற்றலாமா?’ என்று மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரையின் வகையையும் இப்போதைய நோய் நிலையையும் பார்த்து அவர் முடிவு செய்வார். நீங்களாகச் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டாம். வேளையை மாற்ற முடிந்தால், நீங்கள் இத்தனை நாள் கோபித்துக்கொண்ட பிரச்சினையில் பாதி காணாமல் போய்விடும்.

மீதிப் பாதி, மாத்திரையின் குணத்தில் இருக்கிறது. தலைவலி மாத்திரையைப் போடாவிட்டால் அன்றைக்கே வலி சொல்லிவிடும். இது அப்படி அல்ல. ஒரு வாரம் விட்டாலும் ஒன்றும் ஆகாமல் இருக்கலாம், இரண்டு வாரம் விட்டாலும் ஆகாமல் இருக்கலாம். ‘போடவில்லை, ஒன்றும் ஆகவில்லை’ என்று அவள் நினைத்தால் அது அவள் கண்ணால் கண்ட உண்மை. அதை ‘விளையாட்டுத்தனம்’ என்று திட்டினால் எடுபடாது. நோய் அடங்கியிருப்பதே இந்த மாத்திரையால்தான், விட்டால் திரும்பி வரும் நாளை முன்கூட்டிச் சொல்ல முடியாது, திரும்பி வந்தால் அதை அடக்கப் பெரும்பாலும் ஸ்டீராய்டு தேவைப்படும் என்பதை அவளுக்கு நேராகச் சொல்ல வேண்டும். நீங்கள் சொல்வதைவிட மருத்துவர் அவளிடம் தனியாகச் சொன்னால் நல்லது.

ஸ்டீராய்டு என்றதும் நினைவுக்கு வருவது அவள் முகம். நீங்கள் அரை வரியில் கடந்துவிட்டீர்கள், ‘முகமெல்லாம் வீங்கிவிட்டது’ என்று. 13 வயதில் அந்த முகத்தோடு வகுப்புக்குப் போனவள் அவள். பரு, அகோரப் பசி, தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை என்று அந்த மாதங்கள் எப்படிப் போயிருக்கும் என்று யோசியுங்கள். ரத்தம் என்று சொன்னால் மருத்துவர், மருத்துவர் என்றால் ஸ்டீராய்டு, ஸ்டீராய்டு என்றால் மறுபடி அந்த முகம். பத்தாம் வகுப்பு குரூப் போட்டோ எடுக்கும் ஆண்டு இது. ‘ரத்தம் வருகிறதா?’ என்ற உங்கள் கேள்வி அவள் காதில் வேறு மாதிரி விழுகிறது. ஸ்டீராய்டைத் தவிர வேறு வழிகளும் இருக்கின்றன என்பதும், சீக்கிரம் சொன்னால் ஆசனவாய் வழியாக மருந்தைச் செலுத்தும் எனிமா, மருந்தின் அளவைக் கூட்டுவது போன்றவற்றோடே முடிந்துவிட வாய்ப்பு இருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு முகமும் இருக்கிறது: உங்களுடையது. பெற்றோருடன் வரும் பிள்ளையிடம் ‘ஒரு நாளைக்கு எத்தனை முறை போகிறாய்?’ என்று நான் கேட்டால், பதில் சொல்வதற்கு முன் அது அம்மாவைத்தான் பார்க்கும். அம்மா எவ்வளவு தாங்குவாள் என்று அளந்துவிட்டு ‘ரெண்டு’ என்று சொல்லும். அம்மாவை வெளியே உட்காரச் சொன்ன பிறகு அதே கேள்விக்கு வேறு எண் வரும். நீங்கள் கொடுமைக்காரி என்பதால் அல்ல. நீங்கள் அழுவீர்கள், சாமிக்கு வேண்டிக்கொண்டு பட்டினி கிடப்பீர்கள் என்பதால். வீட்டில் யாருடைய நோய்க்காக எல்லோரும் வாடுகிறார்களோ அந்த ஆள், தன் நோயைக் குறைத்துச் சொல்லத்தான் செய்யும். அடுத்த முறை போகும்போது மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள்: ‘பத்து நிமிடம் அவளிடம் தனியாகப் பேசுங்கள்.’ அவள் என்ன சொன்னாள் என்று வீடு திரும்பும் வழியில் துருவாதீர்கள்.

அப்படியானால் அன்றாடம் எப்படித் தெரிந்துகொள்வது? குழந்தைகளின் பெருங்குடல் அழற்சி எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க ‘பியூகாய்’ என்ற மதிப்பெண் அட்டை மருத்துவர்களிடம் இருக்கிறது. ஆறே கேள்விகள்: வயிற்று வலி, ரத்தம், மலம் இளகிப் போகிறதா, ஒரு நாளில் எத்தனை முறை, இரவில் எழ வேண்டியிருந்ததா, வழக்கமான ஓட்ட நடமாட்டம் குறைந்ததா. கடந்த இரண்டு நாட்களை நினைத்துப் பதில் சொன்னால் போதும். மொத்தம் 85, அதில் ரத்தத்துக்கு மட்டும் 30 வரை. 10-க்குக் கீழே இருந்தால் நோய் அடங்கியிருக்கிறது என்று பொருள், 35-ஐத் தொட்டால் நடுத்தரம், 65-ஐத் தொட்டால் கடுமை. மருத்துவரிடம் அந்த அட்டையை வாங்கி அவளிடமே கொடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவளே போட்டுப் பார்த்து, மொத்த எண்ணை மட்டும் உங்களிடம் சொல்லட்டும். போன வாரத்தைவிட 20 கூடியிருந்தால் அன்றைக்கே மருத்துவருக்குப் போன். மற்ற ஆறு நாளும் கழிப்பறை வாசலில் நீங்கள் நிற்கக் கூடாது. மலத்தின் நிறத்தையும் பதத்தையும் அம்மாவிடம் தினமும் விவரிப்பது எந்தப் பதினைந்து வயதுப் பெண்ணுக்கும் பிடிக்காது. ஓர் எண்ணைச் சொல்வதில் அந்தக் கூச்சம் இல்லை. எண்ணிலும் பொய் சொல்லலாமே என்று கேட்பீர்கள். சொல்லலாம். அதற்குத்தான் அவ்வப்போது கால்புரோடெக்டின்.

கணவர் ‘அவளே பார்த்துக்கொள்ளட்டும்’ என்கிறார், நீங்கள் வாயில் போட்டுவிட நினைக்கிறீர்கள். எனக்கு இரண்டிலும் உடன்பாடு இல்லை. இரண்டில் எது ஆபத்து என்று கேட்டால், இந்த வயதில் ஒரேயடியாகக் கைகழுவுவதுதான் என்பேன். பொறுப்பைத் துண்டு துண்டாக மாற்றிக் கொடுங்கள். முதலில், மருத்துவரிடம் தன் கதையை அவளே சொல்லட்டும். நீங்கள் இடையில் திருத்தாமல் இருந்தால் அதுவே பெரிய உதவி. பிறகு வாரத்துக்கான மாத்திரைப் பெட்டியை அவள் நிரப்பட்டும், நீங்கள் ஒரு முறை எட்டிப் பாருங்கள். பத்து நாளைக்கான மாத்திரைதான் மிச்சம் என்று முதலில் சொல்கிற வேலை அவளுடையதாகட்டும், கடைக்குப் போவது அப்பாவாக இருக்கட்டும். அசதயோபிரினுக்கான ரத்தப் பரிசோதனைத் தேதி மட்டும் இன்னும் சில ஆண்டுகள் உங்கள் காலண்டரிலேயே இருக்கட்டும். அந்த மருந்து வெள்ளையணுக்களைக் குறைத்துவிடக் கூடியது. பழக்குவதற்காக அதைப் பரிசோதனைக் களமாக்க முடியாது.

பள்ளி விஷயத்தில் மாமியாரின் பேச்சைக் கொஞ்சம் மீறித்தான் ஆக வேண்டும். ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம். தலைமை ஆசிரியைக்கும் வகுப்பாசிரியைக்கும் மருத்துவர் கடிதத்தோடு சொல்லுங்கள்: அனுமதி கேட்டு நிற்காமல் வெளியே போகலாம், ஆசிரியைகளின் கழிப்பறையைப் பயன்படுத்தலாம், மாற்றுச் சீருடை ஒன்று ஆசிரியை அறையில் இருக்கலாம். பொதுத் தேர்வுக்கும் இப்போதே எழுதிக் கொடுங்கள். தேர்வு மையத்தின் முதன்மைக் கண்காணிப்பாளருக்கு முன்கூட்டியே தெரிந்தால் கதவோரம் இடம் கேட்கலாம். யாரிடம் சொல்வது என்பதை அவளோடு பேசி முடிவு செய்யுங்கள். தோழிகளில் ஒருத்தியிடமாவது சொல்ல அவளுக்கு அனுமதி கொடுங்கள். கல்யாணத்தைப் பற்றிய பயத்துக்கு ஒரே பதில்: நோய் அடங்கியிருக்கும் நிலையில் இந்த நோயுள்ள பெண்கள் கருத்தரிக்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள், மெசலமைனையும் அசதயோபிரினையும் கர்ப்ப காலத்திலும் மருத்துவர் மேற்பார்வையில் பொதுவாகத் தொடரலாம். கட்டிக்கொள்ளப் போகிறவனிடம் மறைப்பதுதான் சிக்கலைக் கொண்டுவரும்.

பரோட்டாவை விட்டுவிடுங்கள். அதனால் இந்த நோய் வரவில்லை, ஒரு நாள் சாப்பிட்டதால் அது திரும்பி வரப்போவதும் இல்லை. ரத்தம் போகும் நாட்களில் காரமும் எண்ணெயும் வயிற்றைப் படுத்தும், அப்போது குறைக்கலாம். மற்ற நாட்களில் வீட்டில் எல்லோரும் சாப்பிடுவதையே அவளும் சாப்பிடட்டும். மாதுளை ஓட்டுக் கஷாயத்தை நம்பி மாத்திரையை நிறுத்துவது கூடாது. உணவைவிட ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள்: மாதவிடாய் வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் மெஃபெனமிக் அமிலம், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சிலருக்கு இந்த நோயைக் கிளப்பிவிடும். வலிக்குப் பாராசிட்டமால், வெந்நீர் ஒத்தடம். அதற்கும் அடங்காவிட்டால் மருத்துவரிடம் கேளுங்கள். தோழி கொடுத்தாள் என்று பள்ளியில் வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது என்பதையும் அவளுக்குச் சொல்லிவையுங்கள். மாதவிடாய் நாட்களில் மலம் கொஞ்சம் இளகிப் போவது பலருக்கு இருக்கும், அதைப் பார்த்து மட்டும் பதற வேண்டாம்.

வெளியூர்க் கல்லூரிக்கு அனுப்பலாமா என்றால், தாராளமாக அனுப்பலாம். இன்னும் இரண்டரை ஆண்டு இருக்கிறது. மேலே சொன்ன பொறுப்புகளைக் கைமாற்ற அது போதும். பிளஸ் டூ படிக்கும்போதே மருத்துவருக்குப் போன் செய்து தேதி வாங்குவது, லேபில் ரத்தம் கொடுத்து முடிவை அனுப்புவது, தன் மருந்துகளின் பெயரையும் அளவையும் தாளைப் பார்க்காமல் சொல்வது மூன்றும் அவளுக்குப் பழகியிருக்க வேண்டும். விடுதி பார்க்கப் போகும்போது அறையோடு சேர்ந்த கழிப்பறை உள்ள இடமாகப் பாருங்கள், கட்டணம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. அந்த ஊரில் குடல்நோய் மருத்துவர் ஒருவரை, உடம்பு நன்றாக இருக்கும்போதே ஒரு முறை பார்த்து, சிகிச்சைச் சுருக்கத்தை அவரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். அந்தப் பயணத்துக்கு அவள் அப்பா கூடப் போகட்டும்.

— குழந்தைகளுக்கான குடல்நோய் மருத்துவர்